முள்கிரீட நட்சத்திர மீனை அடக்க ஊசியா, டிரைட்டன் நத்தையா?

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற பவளத்திட்டுத் தொடரில் 1960களிலிருந்து முள்கிரீட நட்சத்திர மீன்கள் அலை அலையாகப் பெருகி, உயிருள்ள பவளத்தைத் தின்று வெறும் வெள்ளைக் கூடாக்கி விடுகின்றன.

ஊசி வழி நேரடியானது. முக்குளிப்பவர் ஒவ்வொன்றாகத் தேடி, அதைக் கொல்லும் மருந்தைக் குத்தி ஏற்றுகிறார். முன்பு பயன்படுத்திய சோடியம் பைசல்பேட் என்ற ரசாயனத்தை ஒன்றுக்கே பல தடவை ஏற்ற வேண்டியிருந்தது; இப்போது பித்த உப்பு ஒரே குத்தில் வேலையை முடிக்கிறது. ஆனால் படகும் ஆளும் போகிற இடம் மட்டும்தான் தப்பும்.

டிரைட்டன் என்ற கடல் நத்தை இந்த நட்சத்திர மீனைத் தின்பது; அரை மீட்டர் வரை வளரும். இரையை மோப்பம் பிடித்துத் துரத்தி, முட்களைச் சட்டை செய்யாமல் அரம் போன்ற நாக்கால் தோலைக் கிழித்து, எச்சிலால் முடக்கித் தின்னும். சாப்பாட்டு வேகம் குறைவு. ஒரு பெண் நட்சத்திர மீனோ கோடிக்கணக்கில் முட்டையிடும். ஆனாலும் இந்த நத்தையின் வாசனை பட்டாலே அவை விலகி ஓடுகின்றன. எனக்கு அதுதான் பெரிய பலமாகத் தெரிகிறது.

பெருக்கம் தொடங்கிவிட்டால் ஊசிதான், சந்தேகமில்லை. அதற்கு முன்பே தடுக்க டிரைட்டன் வேண்டும்; ஆனால் அழகான ஓட்டுக்காகவே பல கடல்களில் அதை அள்ளித் தீர்த்துவிட்டார்கள். அலங்காரத்துக்கு அந்த ஓட்டை வாங்குவதை முதலில் நிறுத்துங்கள்.