லசோட்டா கண்சொட்டு: மருந்து நல்லது, குப்பிதான் பெரிது

ராணிக்கெட் என்ற வைரஸ் நோய் வந்த கோழிக்கு வைத்தியம் இல்லை. கழுத்து முறுகி, பச்சையாகக் கழிந்து, வளவில் நிற்பதெல்லாம் சில நாளில் போய்விடும். முன்கூட்டியே போடும் தடுப்பு மருந்துகளில், உயிருள்ள வைரஸ் கொண்ட லசோட்டா நம்பத்தக்கது. ஊசி வேண்டாம், கண்ணில் ஒரு சொட்டுப் போதும்.

குறை குப்பியின் அளவில்தான். நூற்றுக்கணக்கான கோழிக்கென்றே வருகிறது. கரைத்த மருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. மட்டக்களப்பு வெக்கையில் ஒரு மணித்தியாலம் என்றே கணக்கு வையுங்கள். பதினைந்து ஊர்க்கோழி வைத்திருப்பவர் மிச்சத்தைப் பிறிட்ஜில் வைத்து அடுத்த மாதம் போட்டால் அதில் பலனே இல்லை. அயல் வளவுகள் சேர்ந்து ஒரே காலையில் போட்டால்தான் கட்டுப்படியாகும்.

கரைக்காத குப்பிக்கும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். நகரத்தில் வாங்கி, ஐஸ் இல்லாமல் கொக்கட்டிச்சோலைக்கு பஸ்ஸில் கொண்டுபோனால் வழியிலேயே வீரியம் போய்விடும். ரிஜிபோம் பெட்டியோடு போங்கள். கரண்ட் அடிக்கடி போகும் கடையில் வாங்காதீர்கள்.

1000 கோழிக் குப்பிக்கு 30 மில்லிலீற்றர் கரைசல் நீர். ஒரு சொட்டு 0.03 மில்லிலீற்றர். சொட்டுக் குழாயைச் செங்குத்தாகப் பிடியுங்கள். குமிழி விழுந்தால் அளவு குறையும். கோழி கண்ணை மூடித் திறக்கும்வரை கையை விடக்கூடாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் முதல் சொட்டு, மூன்று நாலு கிழமை வயதில் இரண்டாவது. முட்டைக்கு வளர்ப்பவற்றுக்கு மூன்று மாதத்துக்கொருமுறை திரும்பப் போடுவது நல்லது.

சொட்டாக விடாமல் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். குழாய்த் தண்ணீரிலும், வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் போட்ட கிணற்றிலும் மருந்து செத்துவிடும். குளோரினை முறிக்க லீற்றருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கரைத்து, அரை மணித்தியாலம் விட்டு, பிறகு மருந்தைக் கலக்க வேண்டும். வீட்டில் தேத்தண்ணிக்குப் போடும் கொழுப்புள்ள மாவு சரிவராது.

போட்டு மூன்றாம் நாளளவில் லேசான தும்மல் வரலாம், பயப்படத் தேவையில்லை. நோய் ஏற்கெனவே புகுந்த வளவில் போட்டால் தொற்றிய கோழிகள் சாகத்தான் செய்யும். பழி மருந்தின்மேல் விழும்.

போடுபவர் கண்ணில் தெறித்தால் சில நாள் சிவந்து உறுத்தும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், வெறுங்குப்பியைக் கொதிநீரில் அவித்த பிறகே எறியுங்கள்.