லாஞ்ச் கண்ட்ரோல் என்று சொல்லி வெடிச்சத்தம் விற்கிறார்கள், டர்போ கார்காரர்கள் உஷார்

டர்போ காரை டிராக் ரேஸுக்கு (இரண்டு கார்கள் நேர்கோட்டில் போட்டி போடுவது) தயார் செய்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாக இதைப் படியுங்கள், பதிவு நீளம்தான். லாஞ்ச் கண்ட்ரோல் (கார் நிற்கும்போதே ஆர்பிஎம்மைப் பிடித்து வைத்து, டர்போவைத் தயாராக்கி வேகமாகக் கிளம்ப உதவுவது) செட் பண்ணித் தருகிறேன் என்று ஒரு ட்யூனர் (எஞ்சின் அமைப்புகளை மாற்றித் தருபவர்) காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் என் காரின் டர்பைன் ஹவுசிங் (டர்போவில் எக்ஸாஸ்ட் புகை போகும் உலோகக் கூடு) விரிசல் விட்டது, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொண்டது, நன்றாக இருந்த கிளட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டும்படி ஆனது. கடையின் பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். பெயரை விட அவர்கள் வேலை செய்கிற விதம் தெரிந்தால்தான் அடுத்த கடையிலும் தப்பிக்கலாம்.

பேசிக்கொண்டது இதுதான்: என் காரிலேயே ஓட்டிப் பார்த்து மேப் (எப்போது ஸ்பார்க், எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) போடுவது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகை வந்து சேரும் குழாய்) ஈஜிடி சென்சார் (புகையின் வெப்பத்தை அளப்பது) மாட்டி அதை இசியுவில் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இணைப்பது, வேலை முடிந்ததும் லாகை (சென்சார்கள் காட்டிய எண்களின் பதிவு) கையில் கொடுப்பது. மூன்றுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார்கள். காரை எடுக்கப் போனபோது எனக்குக் கிடைத்தது ஒரு வேடிக்கை. ட்யூனர் கிளட்சை மிதித்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினார், 5,000 ஆர்பிஎம்மில் நின்றுகொண்டு படபடவென்று வெடித்தது, பின்னால் தீ வந்தது, சுற்றி நின்றவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். சத்தம் ஜோர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கும் முதல் 60 அடியை எவ்வளவு நேரத்தில் கடக்கிறோம் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

எங்கே ஏமாற்றினார்கள் என்று புரிய வேண்டுமானால் இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டர்போவைச் சுற்ற வைப்பது எக்ஸாஸ்ட் புகையின் அளவும் அதன் சூடும். கார் நிற்கும்போது எஞ்சினுக்குச் சுமை இல்லை, சுமையில்லாத எஞ்சினை 5,000 ஆர்பிஎம்மில் வைத்திருக்கக் கொஞ்சம் காற்றே போதும், அதனால் புகையும் கொஞ்சம்தான், பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறாது. இதற்காகத்தான் இக்னிஷனைத் தாமதப்படுத்துகிறார்கள். பிஸ்டன் மேல் உச்சியைத் தொட்டுக் கீழே இறங்க ஆரம்பித்த பிறகு ஸ்பார்க் வந்தால், எரிகிற சக்தியில் பெரும்பகுதி கிராங்கைத் தள்ளாமல் சூடாகவே வெளியே போய்விடும். டார்க் (சுழற்றும் விசை) குறைந்துவிடுவதால் காற்று போகும் த்ராட்டிலைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம், காற்று நிறையப் போகும், சூடும் ஏறும், டர்பைன் சுற்றும். அதன் பிறகும் ஆர்பிஎம் எகிறாமல் இருக்க அங்கங்கே சில ஸ்பார்க்குகளை வெட்டிவிடுவதுதான் டூ-ஸ்டெப் லிமிட்டர். வெட்டப்பட்ட சிலிண்டரின் பெட்ரோலும் காற்றும் அப்படியே மேனிஃபோல்டுக்குப் போய் அங்கே எரியும், நம் காதில் விழுகிற வெடி அதுதான்.

ஆக, பூஸ்டும் சூடும் சேர்ந்தேதான் வரும். பூஸ்டை வரவழைப்பது பெரிய வித்தை இல்லை. அந்தச் சூட்டை எந்த இடத்தில், எத்தனை விநாடியில் நிறுத்துவது என்று காரைப் பார்த்து முடிவு செய்வதற்குத்தான் ட்யூனருக்குக் காசு கொடுக்கிறோம். பெட்ரோல் எஞ்சின் டர்போக்கள் பலவற்றுக்கு 950 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் எல்லை, நல்ல உலோகத்தில் செய்ததென்றால் 1,050 வரை போகலாம். லாஞ்சில் பிடித்து வைத்திருந்தால் அந்த எல்லைக்குப் போக விநாடிகள் போதும். டிராக்கில் எதிர் லேன்காரர் கோட்டில் வந்து நிற்காமல், அதைக் காட்டும் ஸ்டேஜ் லைட்டை எரிய வைக்காமல் இழுத்தடித்தால் நாம் மிதித்துக்கொண்டே காத்திருப்போம் இல்லையா, அதற்காகவே லாஞ்சுக்கு நேரக் கட்டுப்பாடு வைக்க வேண்டும், கூலன்ட் சரியான சூட்டுக்கு வராமல் லாஞ்ச் வேலை செய்யக்கூடாது என்றும் வைக்க வேண்டும். என் மேப்பில் இரண்டுமே இல்லை. எவ்வளவு நேரம் மிதித்தாலும் வெடித்துக்கொண்டே இருக்கும்.

முதலில் பல்லைக் காட்டியது கிளட்ச் விஷயம். பச்சை விழுந்ததும் கிளட்சை விட்டால் கார் பிடிக்கிறது, உடனே மூச்சு வாங்கியது போல அமுங்குகிறது, பெடல் முழுதாக மேலே வந்த பிறகுதான் திடீரென்று இழுக்கிறது. அதற்குள் பக்கத்து லேன் கார் போய்ச் சேர்ந்திருக்கும். அந்த ட்யூனரிடம் போனில் கேட்டேன். பார்க்காமலே, லாகும் கேட்காமலே, "உங்க கிளட்ச் இந்த டார்க்கைத் தாங்கல, ட்வின் பிளேட் போடணும்" என்றார், அதாவது இரட்டைத் தட்டு கிளட்ச். போட்டோம், அவர்களிடமே. அதே அமுங்கல்.

காரணத்தைப் பிறகு வேறு ஒரு ட்யூனர்தான் கண்டுபிடித்தார், அதுவும் லாகைத் திறந்து பார்த்த மாத்திரத்தில். பல கார்களில் கிளட்ச் பெடலில் இரண்டு சுவிட்ச் இருக்கும். ஒன்று பெடலின் மேல் முனையில், குரூஸ் கண்ட்ரோலை அணைப்பதற்கு. பெடலைக் கொஞ்சம் தொட்டாலே அது மாறிவிடும். இன்னொன்று கீழ் முனையில், முழுதாக மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்கு. முதல் கடைக்காரர் லாஞ்சுக்கு மேல் சுவிட்சை எடுத்து வைத்திருந்தார். கிளட்ச் பிடிப்பது பெடல் பாதி தூரம் வரும்போது. ஆனால் மேல் சுவிட்சைப் பொறுத்தவரை கால் இன்னும் பெடலில்தான் இருக்கிறது, அதனால் இசியு லாஞ்ச் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு தாமதமான இக்னிஷனையே கொடுத்துக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் எஞ்சினில் எங்கிருந்து டார்க் வரும்? லாகில் சக்கரம் உருள ஆரம்பித்த பிறகும் லாஞ்ச் ஆன் என்றே கோடு போகிறது. கீழ் சுவிட்சுக்கு மாற்றி, கூடவே எஞ்சின் ஓட்டாத, சும்மா உருளுகிற சக்கரத்தின் வேகம் இத்தனையைத் தாண்டினால் லாஞ்ச் ரத்து என்று ஒரு எண் போட்டால் முடிகிற வேலை. பழைய கிளட்ச் பிளேட்டை எடுத்துப் பார்த்தோம், தேய்மானம் கூட அவ்வளவாக இல்லை.

அடுத்தது எரிபொருள். அந்தக் கடையில் மேப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டவில்லை, அது ஒன்றுதான் என் நல்ல நேரம். திறந்து பார்த்தால் லாஞ்ச் பகுதியில் 25 சதவீதம் பெட்ரோல் கூட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று யோசித்தால் ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்துகிறது. எக்ஸாஸ்டில் இருந்து பெட்ரோல்-காற்று விகிதத்தைக் காட்டுகிற வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை, புகையில் மிச்சமிருக்கிற ஆக்சிஜனைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. ஸ்பார்க்கை வெட்டினால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், உடனே மீட்டர் லீன் லீன் (பெட்ரோல் குறைவு) என்று கத்தும். அது பொய்யான லீன். டூ-ஸ்டெப் செய்த யாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இவர் மீட்டரை நம்பிப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார், கூட்டியது முழுக்க மேனிஃபோல்டிலும் கன்வர்ட்டரிலும் எரிந்திருக்கிறது. அடுப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டுத் தீ ஏன் எரிகிறது என்று கேட்ட கதை. கன்வர்ட்டரின் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டதால் மேல் ஆர்பிஎம்மில் கார் திணறியது, வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை டர்பைனுக்குப் போகாமல் வெளியே விடும் வழி) ஓட்டையைச் சுற்றி டர்பைன் ஹவுசிங்கில் விரிசல் ஓடியது.

இதுவரை சொன்னதைக் கூட வேலை தெரியாதவர் செய்த வேலை என்று விட்டுவிடலாம். இனிமேல் சொல்வது அப்பட்டமான மோசடி.

ஈஜிடி சென்சார் மேனிஃபோல்டில் மாட்டித்தான் இருக்கிறது, துளை போட்டு, நட்டு வைத்து, அழகாக. அதன் வயரைப் பின்தொடர்ந்து போனால் வயரிங் கட்டுக்குள் நுழைகிறது, டேப்புக்கு அடியில் வெட்டி விடப்பட்டிருக்கிறது. எதிலும் இணைக்கவில்லை. இந்தச் சென்சார் ஒரு தெர்மோகப்பிள், 900 டிகிரியில் கூடச் சில பத்து மில்லிவோல்ட்தான் கொடுக்கும், அதைப் பெரிதாக்கிக் கொடுக்கத் தனியாக ஒரு ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பெரும்பாலான இசியுக்களால் படிக்க முடியாது. ஆம்ப்ளிஃபயர் காரில் எங்குமே இல்லை. பில்லில் இருக்கிறது.

அப்படியானால் லாக் என்று எனக்கு அச்சடித்துக் கொடுத்த ரிப்போர்ட்டில் ஈஜிடி எண்கள் எப்படி வந்தன? நல்ல கேள்வி. அந்த ரிப்போர்ட்டில் லாஞ்ச் முடிந்து ஓடும்போது பூஸ்ட் 1.8 பார் என்று இருக்கிறது. என் காரின் பூஸ்ட் சென்சார் 2.5 பார் வரைதான் அளக்கும், அதுவும் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து. வெளிக்காற்று ஏறக்குறைய 1 பார், அதைக் கழித்தால் 1.5 பாருக்கு மேல் அந்தச் சென்சாரால் காட்டவே முடியாது. 1.8 எப்படி வந்தது? யாரோ ஒருவருடைய காரின் லாகை எடுத்து என் பெயரைப் போட்டு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். என் காரை அவர்கள் ஓட்டிப் பார்த்தார்களா என்பதே எனக்கு இப்போது சந்தேகம்.

இதை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டதற்கு, "ரேஸ்னா பார்ட்ஸ் போகத்தான் செய்யும், ஆசைப்பட்டு வந்தது நீங்க" என்று பதில். வயர் விஷயத்தைக் காட்டினேன், பையன் மறந்திருப்பான் என்றார். ரிப்போர்ட்டைக் காட்டினேன், பேச்சு நின்றுவிட்டது. பணம் திரும்பி வரவில்லை. பில், வெட்டிய வயரின் படம், இரண்டு லாக் எல்லாவற்றையும் வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன், ஏதாவது நடந்தால் எழுதுகிறேன்.

இரண்டாவது ட்யூனர் எப்படிச் செய்தார் என்பதையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முதலில் ஈஜிடியை உண்மையாக இணைத்தார், அது வேலை செய்வதை லாகில் பார்த்த பிறகுதான் லாஞ்சைத் தொட்டார். 3,800 ஆர்பிஎம்மில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். பூஸ்ட் எவ்வளவு வரும் என்று பார்க்கவில்லை, டயர் எவ்வளவு தாங்கும் என்றுதான் பார்த்தார், என் டயருக்கு லாஞ்சில் அரை பாரைத் தாண்டினாலே சக்கரம் சுற்றுகிறது, அதற்கு மேல் கொடுத்து என்ன பிரயோசனம் என்று அங்கேயே நிறுத்திவிட்டார். பிடித்து வைக்க 3 விநாடி, அதைத் தாண்டினால் தானாக விலகிவிடும். கூலன்ட் 70 டிகிரிக்கு வராமல் வேலை செய்யாது. வெடி இருக்கிறது, ஆனால் முன்பு போல இல்லை, போன் எடுத்துப் படம் பிடிக்கிற அளவுக்கு ஒன்றும் கிடையாது. கார் மட்டும் கிளட்சை விட்டதும் போகிறது.

நீங்கள் ஏற்கெனவே எங்காவது போட்டுக்கொண்டு வந்திருந்தால் இன்றைக்கே லேப்டாப்பை மாட்டி லாக் எடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஈஜிடி வெளிக்காற்றின் சூட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், ஸ்டார்ட் செய்ததும் ஏற வேண்டும். ஒரே எண்ணில் நின்றால் வயரைத் தேடுங்கள். கிளட்ச் பெடலை மிக மெதுவாக விட்டுப் பாருங்கள், எஞ்சின் அணைந்திருந்தால் போதும், பெடல் எந்த இடத்தில் வரும்போது சுவிட்ச் மாறுகிறது என்று லாகில் தெரியும், அது கிளட்ச் பிடிக்கிற இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். கடைக்காரர் கொடுத்த ரிப்போர்ட்டில் இருக்கிற அதிகபட்ச பூஸ்டை உங்கள் சென்சாரின் அளவோடு ஒப்பிடுங்கள். அப்புறம் லாஞ்ச் அமைப்பில் விநாடிக் கட்டுப்பாடு என்ற இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், காலியாக இருந்தால் அதை நிரப்பும் வரை டூ-ஸ்டெப்பை ஆஃப் செய்து வையுங்கள்.