வாடிவாசலா, அரங்கமா?

தை 3ஆம் நாள் காலையில் அலங்காநல்லூர் வாடிவாசலில் முதலில் வருவது முனியாண்டி கோயில் காளை. அதன் திமிலில் யாரும் கை வைப்பதில்லை. அது போன பிறகுதான் ஜல்லிக்கட்டுப் போட்டி. அதே அலங்காநல்லூருக்குப் பக்கத்தில், கீழக்கரை கிராமத்தில், சுமார் 66 ஏக்கரில், 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் இருக்கிறது. 2024 ஜனவரி 24 அன்று திறந்தார்கள். 'இனி ஜல்லிக்கட்டை அங்கே கொண்டுபோய்விடுவார்களோ' என்ற பயம் அப்போதே ஊருக்குள் வந்தது. தைப் போட்டிகள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்ற பழைய இடங்களிலேயே தொடர்கின்றன. ஆனாலும் எது மேல் என்ற பேச்சு ஓயவில்லை.

பார்வையாளர் வசதியில் அரங்கத்துக்கே வெற்றி, அதில் சந்தேகமே இல்லை. ஊருக்குள் காலரி என்பது ஒவ்வொரு தையிலும் மரத்தாலும் இரும்பாலும் புதிதாகக் கட்டிப் பிரிப்பது. பொதுப்பணித் துறை சான்று கொடுத்தாலும், கூட்டம் ஏற ஏற மனசு பதறத்தான் செய்கிறது. வீட்டு மொட்டை மாடியெல்லாம் ஆள். அரங்கத்தில் நிரந்தர இருக்கை, மருத்துவ அறை, அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருபவருக்கு அதுதான் சரி.

பாதுகாப்பு என்று வரும்போது விஷயம் வேறு. வாடிவாசலுக்கு முன்னால் தென்னை நார் பரப்பியிருக்கும், இரண்டு பக்கமும் இரட்டைத் தடுப்பு நிற்கும், வீரர்கள் சீருடையோடு சுற்றுச் சுற்றாக இறங்குவார்கள். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த இடம் ரொம்பவே ஒழுங்காகிவிட்டது. ஆபத்து மிஞ்சியிருப்பது கடைசியில்தான், அதாவது ஓடி வரும் காளையை உரிமையாளர் கயிறு போட்டுப் பிடிக்கும் சேகரிப்பிடத்தில். மிரண்ட மாடு, குறுகிய தெரு, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். குத்துப்பட்டு இறந்தவர்களில் பார்வையாளரும் காளை உரிமையாளரும் பலர். கீழக்கரையில் மாடு ஓடி நிற்க இடம் தாராளம். என்னைக் கேட்டால் அரங்கத்தின் உண்மையான பலம் இந்தத் திறந்த வெளிதான், கட்டடம் இல்லை. இதை ஊர்ப் போட்டிகளுக்கும் செய்யலாமே! சேகரிப்பிடத்தை அகலப்படுத்தி, அங்கே உரிமையாளர் தவிர யாரையும் விடாமலிருக்க அரங்கம் கட்ட ஆகும் செலவு ஆகாது.

அப்புறம், நடத்துவது யார் என்ற கேள்வி. இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பாலமேட்டில் கிராமப் பொது மகாலிங்க சுவாமி மடத்துக் கமிட்டி நடத்துகிறது. மஞ்சமலை ஆற்றுத் திடலும் அந்தக் கமிட்டியும் சேர்ந்ததுதான் பாலமேடு ஜல்லிக்கட்டு. அவனியாபுரத்தில் யார் நடத்துவது என்ற தகராறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய், அரசு நிர்வாகமே முன்னின்று நடத்தும் நிலை வந்தது. போட்டி நடக்கிறது, ஆனால் ஊருக்கு அதில் இருந்த பிடி தளர்ந்துவிட்டது. அரங்கத்தில் அந்தப் பிடி தொடக்கத்திலிருந்தே கிடையாது. நாள், பரிசு, விருந்தினர் எல்லாம் அரசு முடிவு.

2023 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டுச் சட்டத்தை உறுதி செய்தபோது, அது தமிழர் பண்பாட்டின் பகுதி என்று சட்டமன்றம் எடுத்த முடிவில் தலையிட மறுத்தது. அந்தப் பண்பாடு கோயிலோடும் தை மாதத்தோடும் ஊரோடும் ஒட்டியிருக்கிறது. அவற்றிலிருந்து பிரித்து, காலரி போட்ட விளையாட்டாக மட்டும் வைத்துக்கொண்டால், 2017இல் மெரினாவில் இரவு பகலாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் கேட்டது இதுதானா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக அரங்கம் வீண் என்று சொல்ல மாட்டேன். வருடம் முழுக்கத் தீவனம் போட்டு, நீச்சலும் மண்குத்தலும் பழக்கி வளர்த்த காளைக்குப் போட்டியில் அவிழ்க்க அனுமதிக்கும் டோக்கன் கிடைக்காமல், கிடைத்தாலும் நேரம் முடிந்து அவிழ்க்காமலே, லாரியில் திரும்பக் கொண்டுபோகும் உரிமையாளர்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று ஊர்களும் மூன்று நாளில் இத்தனை காளைகளைத் தாங்காது. தை கழிந்த பிறகு, வாய்ப்புக் கிடைக்காத காளைகளுக்கென்றே கீழக்கரையில் போட்டி வைக்கலாம். வரிசையை ஆன்லைன் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மா கிடக்கும் இடத்தில் நாட்டுமாட்டுச் சந்தை, கால்நடை மருத்துவ முகாம், புதிதாக இறங்கும் வீரர்களுக்குப் பயிற்சி என்று வைத்தால், காளை வளர்ப்பவருக்கு நேரடிப் பயன் உண்டு.

தை 1, 2, 3 மட்டும் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலுமே இருக்கட்டும்.