முதன்முறை மேடையேறும் தன்னார்வலருக்கு எந்த வழி: எழுத்துப் படியா, மனப்பாடமா, குறிப்புச் சீட்டா, உரையாடலா?

நிதி திரட்டும் நிகழ்ச்சிகளில் யார் பேசினால் மனம் இளகுகிறது? களத்தில் நின்று வேலை செய்தவர் பேசும்போதுதான். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்ததும் அவர்களில் பலருக்கு நாக்கு உலர்ந்துவிடுகிறது. அவர்களைத் தயார்ப்படுத்துபவர்களிடம் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒரே தரம் என்று நான் நினைக்கவில்லை.

மனப்பாடத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். பதற்றம் முதலில் தாக்குவது நினைவைத்தான். ஒரு வரி நழுவினால் அடுத்த வரிக்குப் பிடி கிடைக்காது. அரங்கின் நடுவே மௌனமாக நிற்கும் அந்தச் சில நொடிகளுக்குப் பிறகு அவர் மறுபடி மேடையேறவே மறுத்துவிடக்கூடும்.

முழு உரையையும் எழுதி வாசிப்பது அதைவிட எவ்வளவோ மேல். நன்றி சொல்ல வேண்டிய பெயர்கள் விடுபடாது, தொகைகள் பிசகாது, நேரமும் கட்டுக்குள் இருக்கும். குறை என்னவென்றால், கண் தாளைவிட்டு எழாது, குரல் தட்டையாகிவிடும். பெரும்பாலும் அந்த உரையை அலுவலகத்தில் வேறொருவர் எழுதியிருப்பார். ஆண்டறிக்கையின் நடை தன்னார்வலர் வாயில் ஒட்டாது. வாசிப்பதுதான் வழி என்றால், அவரை இயல்பாகப் பேசச் சொல்லி அதையே எழுத்தில் எடுங்கள். பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே இடம்விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். எந்த வாக்கியமும் பக்கம் தாண்டி ஓட வேண்டாம்.

ஓரளவு பேசிப் பழகியவருக்குக் குறிப்புச் சீட்டு போதும். தொடக்க வாக்கியத்தையும், நன்கொடை கேட்கும் வாக்கியத்தையும் முழுதாக எழுதிக்கொள்ளலாம். இடையில் நாலைந்து சொற்கள் மட்டும். தொடக்கம் கையில் இருந்தால், படபடப்பு உச்சத்தில் இருக்கும் முதல் அரை நிமிடத்தைக் கடந்துவிடலாம். சீட்டு கெட்டியான அட்டையாக இருக்கட்டும். மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதைப் பார்த்துப் பேசுபவரின் பயம் இன்னும் கூடும்.

மிகவும் பயப்படுபவருக்கு என் தேர்வு நான்காவது வழிதான்: மேடையில் இருவர் உட்கார்ந்து பேசிக்கொள்வது. தன்னார்வலர் அரங்கம் முழுவதையும் எதிர்கொள்ள வேண்டியதில்லை; தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் போதும். தடுமாறினால் அடுத்த கேள்வி தூக்கிவிடும். ஆனால் வெற்றி தோல்வி கேள்வி கேட்பவர் கையில் இருக்கிறது. “உங்களுக்கு அது மகிழ்ச்சியாக இருந்ததா?” என்று கேட்டால் “ஆமாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். “முதல் நாள் அங்கே போனபோது எதைப் பார்த்தீர்கள்?” என்றால் கதை தானாக வரும். கேள்விகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதில் இன்னொரு பெரிய வசதி உண்டு. பலருக்குப் பேசுவதைவிடப் பணம் கேட்பதுதான் கூச்சம். உரையாடலில் அனுபவத்தைத் தன்னார்வலர் சொல்லட்டும், நன்கொடை வேண்டுகோளை நெறியாளர் வைக்கட்டும். சுமை பாதியாகிவிடும்.

எந்த வழியானாலும், புள்ளிவிவரங்களை அவர் தலையில் ஏற்றாதீர்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும் எண்ணிக்கைகளைப் படித்தவர்களைவிட ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். அவளுடைய கதையோடு எண்களையும் சேர்த்தபோது கொடை குறைந்தது. ஆகவே, தான் அறிந்த ஒருவரைப் பற்றி அவர் சொன்னாலே போதும். அந்த ஒருவரின் சம்மதத்தைப் பெற்றிருப்பது கட்டாயம்.

ஒத்திகையிலும் இரண்டு பழக்கங்கள் உண்டு. கண்ணாடி முன் பேசுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கவனம் சொல்ல வந்ததிலிருந்து தன் முகத்துக்குத் தாவிவிடுகிறது. இரண்டு மூன்று பேர் முன்னால், முடிந்தால் அதே அரங்கில், அதே மைக்கில் பேசிப் பார்ப்பது நல்லது.

மேடைக்குப் போகுமுன் “பயப்படாதீர்கள்” என்று தட்டிக்கொடுப்பது அன்புதான். ஆனால் பயன் குறைவு. கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளே இருக்கும் பதற்றம் தாங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை என்று முன்பே அறிந்தவர்கள் மேலும் நன்றாகப் பேசினார்கள். அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், “அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைவிட “உற்சாகமாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களின் பேச்சு சிறப்பாக இருந்தது. இந்த இரண்டையும் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, வருபவர்களோடு ஒவ்வொருவராகப் பேசச் சொல்லுங்கள். மேடையில் வாய் திறக்காத பலர் அங்கே அருமையாகப் பேசுவார்கள், நன்கொடையும் அங்கேயே வரும்.