சென்னையில் மனநல உதவி: எந்த வேளைக்கு எந்த வாசல்

சென்னையில் மனநல உதவிக்கு இடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1794-இல் தொடங்கிய அரசு மருத்துவமனை இருக்கிறது, தெருவுக்குத் தெரு கவுன்சலிங் போர்டும் தொங்குகிறது. ஆனால் உயிர் போகிற அவசரத்தில் ஓபி சீட்டுக்கு நிற்பவர்களும், உட்கார்ந்து பேசினால் போதும் என்ற நிலையில் அட்மிஷன் கேட்பவர்களும் இங்கே ஏராளம். அதனால் ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்றே பார்க்கலாம்.

ராத்திரி ஒரு மணிக்கு முதலில் அழைக்க வேண்டியது 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. லைன் கிடைக்காவிட்டால் 1800-89-14416. மொழியைத் தேர்ந்தெடுத்ததும் ஆலோசகர் ஒருவர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கு மாற்றுவார். 'சாகணும்னு தோணுதா? அதுக்கு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கீங்களா? பக்கத்துல யார் இருக்காங்க?' என்று நேராகவே கேட்பார்கள். பலர் இதில் முகம் சுளித்து போனை வைத்துவிடுகிறார்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆபத்து எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை. வயது, இருக்கும் ஏரியா, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் நேரம் மிச்சம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இது போன் சேவை, வீட்டு வாசலுக்கு யாரும் வர மாட்டார்கள்.

சினேகா (044-24640050) வேறு ரகம். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு இது. பேசுபவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். புத்திமதி சொல்வதில்லை, நோய்க்குப் பெயர் வைப்பதில்லை, பேசியதை வெளியே விடுவதில்லை. மார்க் குறைந்த பிள்ளை, கடன் கழுத்தை நெரிக்கும் மனிதர், வீட்டில் வாய் திறக்க முடியாத பெண் போன்றவர்களுக்கு நாம் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான். யாரோ காதில் பேசுகிறார்கள், சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்று சொல்பவருக்கு இது போதாது, டாக்டர் வேண்டும்.

ஒருவர் தன் உடம்புக்கு ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டால் இந்த எண்கள் எல்லாம் அப்புறம். 108-ஐ அழைத்து, பெரிய பொது மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போங்கள். ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, ராயப்பேட்டை, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, எது பக்கமோ அது. உயிரைக் காப்பாற்றும் மருத்துவம் அங்கேதான். மனநல மருத்துவமனைக்குப் போனால் அவர்களும் அங்கேதான் அனுப்புவார்கள். 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று பயந்து தெருமுனை கிளினிக்கில் இரண்டு மணி நேரத்தை வீணாக்குவதுதான் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. மருத்துவமனை எம்.எல்.சி. (காவல்துறைக்குத் தெரிவிக்கும் மருத்துவ-சட்டப் பதிவு) போடும், உண்மை. ஆனால் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. உடம்பு தேறியதும் அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டாமல் டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள். வீட்டில் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒருவர் பூட்டி வைத்து, அன்றன்றைக்கு உரியதை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இனி கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனை. ஆட்டோவில் ஏறி 'கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி' என்று மட்டும் சொன்னால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மருத்துவக் கல்லூரி வாசலில் இறக்கிவிடுவார்கள். மேடவாக்கம் டேங்க் ரோடு, அயனாவரம் பக்கம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓபிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். ஆதார், பழைய சீட்டுகள், மாத்திரை அட்டைகள் எல்லாம் வேண்டும். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு 'மஞ்சள் கலர் மாத்திரை' என்றால் டாக்டர் என்ன செய்வார்? கூடவே அந்த வீட்டில் வசிக்கும் ஒருவர் வர வேண்டும். எத்தனை நாளாகத் தூக்கமில்லை, எப்போதிலிருந்து பேச்சு மாறியது என்பதை அவரால்தான் சொல்ல முடியும். மருந்து இலவசம். தனியாரில் சாப்பிட்ட பிராண்ட் இருக்காது, மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக் பெயர்) ஒன்றா என்று பார்த்தால் போதும். கூட்டம் அதிகம், டாக்டரிடம் நீண்ட நேரம் பேச முடியாது. ஆனால் முற்றிய நோய்க்கு இங்கே கிடைக்கும் அனுபவம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

வர மறுப்பவரைச் சேர்ப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89-ஆம் பிரிவுப்படி, நியமனப் பிரதிநிதி (தனக்காக முடிவெடுக்க நோயாளி நியமித்தவர், அப்படி யாரும் இல்லாவிட்டால் உறவினர் அல்லது பராமரிப்பவர்) விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 30 நாள். இந்த எதுவும் இல்லாமல் வேன் எடுத்து வந்து ஆளை அள்ளிக்கொண்டு போகும் 'மறுவாழ்வு மையங்கள்' உண்டு. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். 'ஒரு மாசம் வீட்டு ஆள் யாரும் பார்க்கக் கூடாது' என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள்.

குடியை நிறுத்தவைக்க அறையில் போட்டுப் பூட்டுவதும் இதே அளவுக்கு ஆபத்து. வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், கண்முன் இல்லாததெல்லாம் தெரியலாம், உயிரே போகலாம். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். இந்திராநகர் டி.டி.கே. மருத்துவமனை 1980 முதல் இதையே முழுநேர வேலையாகச் செய்கிறது.

தனியாரிடம் போவதானால் போர்டை நம்பாதீர்கள். மருந்து எழுதுவது மனநல மருத்துவர். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். வெறும் 'கவுன்சலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், பலர் ஆன்லைன் சான்றிதழோடு மாட்டியிருக்கிறார்கள். ஒரு செஷன் வழக்கமாக 45 முதல் 50 நிமிடம். முதல் நாளே பத்து செஷனுக்குச் சேர்த்துப் பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிட்டு டாக்டரைத் திட்டுவது நியாயமில்லை.

மனச்சிதைவு நோயோடு நெடுநாள் வாழ வேண்டியவர்களுக்கு அண்ணாநகர் மேற்கு விரிவில் ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1984-இல் சாரதா மேனன் நிறுவியது. மருந்தோடு வேலைப் பயிற்சியும் குடும்பத்துக்கு விளக்கமும் தருவதால், டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன செய்வது என்று விழிக்கும் வீட்டுக்கு நல்ல தேர்வு.

தெருவில் தன்னிலை மறந்து அலையும் பெண்களுக்கு 1993 முதல் செயல்படும் தி பான்யன் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. அப்படி ஒருவரைக் கண்டால் அருகிலுள்ள காவல் நிலையத்திலும் சொல்லலாம். அவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் காட்டுவது காவல்துறையின் கடமை, லாக்கப்பில் வைக்கக் கூடாது. ஸ்டேஷனில் தயங்கினால் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு என்று சொல்லுங்கள்.