காந்திபுரத்தில் ஒரு தட்டு பாஸ்தா

இத்தாலியில் பாதோவாவுக்குக் குடிபோய்ப் பதினோரு வருஷம். இந்த முறை கோயம்புத்தூரில் இருந்த மூன்று வாரத்தில் கல்யாணம், பேங்க், பல் டாக்டர் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. எழுத உட்கார வைத்தது ஒரு தட்டு பாஸ்தா.

கிராஸ் கட் ரோட்டை ஒட்டிய சந்தில் சின்னக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் மெஷினிலிருந்து மாவு தடித்த இழைகளாக இறங்க, ஒரு பையன் நறுக்கிக்கொண்டிருந்தான். "சந்தகை புழியற மாதிரியே இருக்குது கண்ணு" என்றார் அம்மா. கொங்குப் பக்கத்து இடியாப்பம்தான் சந்தகை. நான் இருக்கும் வெனெத்தோ பக்கம் பிகோலி என்று ஒரு பாஸ்தா உண்டு. அதைப் பிழியும் கையச்சை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கும் பாட்டி வீட்டுச் சந்தகை மரம்தான் ஞாபகம் வந்தது.

முட்டை போட்டதா என்று அம்மா விசாரித்தார். இல்லையாம், ரவையும் தண்ணீரும்தான். தெற்கு இத்தாலியிலும் அப்படித்தான் பிசைவார்கள். முட்டை வடக்கே உள்ள பழக்கம். விலை 180 ரூபாய். பாதோவாவில் நான் வழக்கமாகப் போகும் கடையில் இதே தட்டு 11 யூரோ. உட்கார்ந்ததற்கு ஆளுக்கு 2 யூரோ தனி, தண்ணீருக்கும் காசு.

"ஒயிட் சாஸுங்களா, ரெட் சாஸுங்களா?"

பூண்டு, வரமிளகாய், ஆலிவ் எண்ணெய் மட்டும் போதும் என்றேன். தலையாட்டிவிட்டுப் போன தம்பி இருபது நிமிஷம் கழித்துக் கொண்டுவந்து வைத்தது ஒயிட் சாஸ். உள்ளே இழையெல்லாம் குழைந்து, முள்கரண்டியில் சுற்றினால் அறுந்து விழுந்தது. ஆத்திரமாக வந்தது. காய்ந்த பாஸ்தா பத்து நிமிஷம் தாங்கும். புதிதாகப் பிழிந்தது நாலு நிமிஷம் தாண்டினால் கூழ். சந்தகைக்கு வேகவைத்த மாவு உருண்டை ஆறுவதற்குள் பிழியச் சொல்லிப் பாட்டி போடும் சத்தம் நம் வீடுகளில் கேட்காதவர் உண்டா? கண்ணெதிரே அத்தனை பாடுபட்டுப் பிழிந்துவிட்டு, கொதிநீரில் மறந்துபோய், மேலே மைதாவும் பாலும் சீஸும் கொட்டி மூடுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சொன்னேன். சமையல்காரரே வெளியே வந்தார், இருபத்தைந்து வயசு இருக்கும். "ஜாஸ்தியா வெந்துருச்சுங்களாக்கா? இங்க வர்றவங்க நல்லாக் குழைஞ்சாத்தான் ஒத்துக்கறாங்க. வாங்க, நீங்களே பக்கத்துல நின்னு பதம் சொல்லுங்க."

பாதோவாவில் என்னை யாரும் அடுப்படிக்குக் கூப்பிட்டதில்லை. தட்டைத் திருப்பி அனுப்பினால் மாற்றித் தருவார்கள், முகம் மட்டும் சுண்டிப்போகும்.

மூன்று நிமிஷம் ஆனதும் ஒரு இழையை எடுத்து நீட்டினார். கடித்தேன், நடுவில் லேசாகப் பல்லில் நின்றது. "போதும், எடுத்துருங்க." பொன்னாகச் சிவந்த பூண்டு எண்ணெயில் தள்ளி, வெந்த தண்ணீரையே ஒரு கரண்டி ஊற்றிக் குலுக்கினார். அதிலிருந்த மாவுச்சத்தும் எண்ணெயும் கூடி இழைகளெல்லாம் மினுமினுத்தன. கோதுமை வாசனை தூக்கியது.

பில்லில் ஒரே தட்டுதான்: 180, ஜிஎஸ்டி 9. முதல் தட்டைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"இதுக்குத் தேங்காப்பால் ஊத்துனா இன்னும் நல்லாருக்கும்" என்று சொல்லியபடியே அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.