போட் ட்ரெய்லர் பேரிங் மாற்றியதாக பில், உள்ளே இருந்தது பழசு: மெல்பர்ன் நண்பர்கள் கவனத்துக்கு

ஸ்னாப்பர் மீன் சீசன் வருகிறது. அக்டோபர் பிறந்ததும் போர்ட் பிலிப், வெஸ்டர்ன் போர்ட் இரண்டு வளைகுடாப் பக்கமும் ரேம்ப்பில், அதாவது போட்டைத் தண்ணீரில் இறக்கும் சரிவில், இடம் கிடைக்காது, குளிர்காலம் முழுக்க வீட்டோரம் நின்ற ட்ரெய்லர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் ஃப்ரீவேயில் ஏறும். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். சக்கர பேரிங் மாற்றியாகிவிட்டது என்று ஒர்க்‌ஷாப் கொடுக்கும் பில்லை மட்டும் நம்பி போட்டை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கழற்றிய பழைய பேரிங்கையும், தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கும் பழைய ரப்பர் சீலையும் கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். என்னிடம் இரண்டு பக்கமும் முழு கிட் புதுசாகப் போட்டதாகச் சொல்லி 420 டாலர் வாங்கினார்கள். உள் பேரிங் இரண்டுமே பழசு. அதில் ஒன்று நெடுஞ்சாலையில் எரிந்து போனது. பின் சீட்டில் என் பிள்ளைகள் இருந்தார்கள்.

என்னுடையது 4.8 மீட்டர் அலுமினிய போட், ஒற்றை ஆக்சில் ட்ரெய்லர். ட்ரெய்லர், போட், இன்ஜின், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் 750 கிலோவைத் தாண்டும் என்பதால் சட்டப்படி பிரேக் உள்ள ட்ரெய்லர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். எப்போதும் உப்புத் தண்ணீரில்தான் இறக்குவேன். அவுட்போர்டு இன்ஜினை சர்வீஸுக்குக் கொடுத்தபோது ட்ரெய்லரையும் சேர்த்துக் கொடுத்தேன். பில்லில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: பேரிங் கிட் இரண்டு, மரைன் சீல் இரண்டு, கிரீஸ், பிரேக் சோதனை, கூலி. எடுக்கப் போனபோது, உள்ளே துரு ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் இருந்தது, எல்லாம் மாற்றிவிட்டோம், இனி ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை என்றார் கவுண்டரில் இருந்தவர். மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன், காட்டினார். உள்ளே பளிச்சென்று நீல கிரீஸ், புது பேரிங்கின் முகம். பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

பிறகு ஹேஸ்டிங்ஸ் ரேம்ப்பில் இறக்கிவிட்டு, மாலையில் வெஸ்டர்ன் போர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பி வரும்போது பின்னால் வந்த கார்க்காரர் விடாமல் ஹெட்லைட் அடித்தார். கண்ணாடியில் பார்த்தால் இடது சக்கரத்திலிருந்து புகை. ஓரம் கட்டி இறங்கிப் போனால் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கிறது, ரிம்மின் உள்பக்கம் முழுக்க கறுப்பு கிரீஸ் வாரியடித்திருக்கிறது, இரும்பு கருகிய நாற்றம். டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக் கேலிப்பர்தான் சக்கரம் முழுசாக வெளியே போகாமல் தடுத்து வைத்திருந்தது. பிரேக் இல்லாத சின்ன ட்ரெய்லராக இருந்திருந்தால் அது கழன்று எதிர் வரிசையில் வரும் யாருடைய வண்டி மீதாவது போய் அடித்திருக்கும். இதை நினைத்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை.

சாலையோர உதவித் திட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடிப்படைத் திட்டங்கள் பலவற்றில் ட்ரெய்லர் சேராது. நான் தனியாகப் பணம் கொடுத்து, வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகும் டில்ட் டிரக் பிடித்தேன். அதே ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பக் கொண்டுபோகவில்லை. டான்டெனாங்கில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் மெக்கானிக்காக இருக்கிறார், அவரிடம் இறக்கினேன். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றும்போது பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தேன்.

முதலில் ஸ்பிளிட் பின், அதாவது நட் கழன்றுவிடாமல் பூட்டும் கம்பி. வளைத்து நிமிர்த்தி மறுபடி வளைத்த பழைய பின், ஒரு கால் பாதி உடைந்திருந்தது. சில சென்ட் விலையுள்ள பொருள், அதைக்கூட மாற்றவில்லை. அப்புறம் வெளி பேரிங். அது புதுசுதான். ஆனால் அது ஓட வேண்டிய கப், அதாவது ஹப்புக்குள் (சக்கரத்தின் நடுவில் ஆக்சில் மேல் சுழலும் பகுதிக்குள்) அடித்து இறுக்கியிருக்கும் வெளி வளையம், பழசு. உள் பேரிங்கைப் பார்க்கவே முடியவில்லை, ஆக்சில் முனையோடு உருகி ஒட்டிப்போயிருந்தது. ரோலர்களைப் பிடித்திருக்கும் கேஜ் துண்டு துண்டாகி, ரோலர்கள் தட்டையாகி, ஆக்சில் முனை சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது.

இவ்வளவு எரிந்த பிறகு அது பழசா புதுசா என்று எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "தம்பி, மற்றப் பக்கத்தைக் கழட்டுவம். அது எரியேல்ல தானே, அது உண்மையைச் சொல்லும்" என்றார்.

வலது பக்கம் கழற்றினார். வெளியே அதே நீல கிரீஸ், புது பேரிங். உள்ளே கை விட்டுத் துழாவி எடுத்த கிரீஸ் பால் கலந்த காபி நிறம், அதாவது தண்ணீர் கலந்து எத்தனையோ நாளாகக் கிடந்தது. உள் பேரிங்கில் துரு, கப்பில் ரோலர் ரோலராகக் குழிகள். பின்பக்க சீலின் உதடு தேய்ந்து வரி விழுந்து, மேலே காய்ந்த உப்பு. "இஞ்ச பாருங்கோ, இந்த சீலை ஒருத்தரும் தொடவேயில்லை. சீல் கழட்டாமல் உள் பேரிங் எப்பிடி வெளிய வரும்?"

இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில் இரண்டு பேரிங் உண்டு. வெளியே இருப்பது சின்னது, மூடியையும் நட்டையும் கழற்றினால் கைக்கு வந்துவிடும். உள்ளே இருப்பது பெரியது, அதற்குப் பின்னால் ரப்பர் சீல். சீலை நெம்பி எடுக்காமல் உள் பேரிங்கை எடுக்க முடியாது, நெம்பினால் சீல் பெரும்பாலும் வளைந்துவிடும், அதனால்தான் ஒவ்வொரு முறையும் புது சீல். ஆகவே சீல் பழசு என்றால் உள் பேரிங் தொடப்படவில்லை. என்னுடைய பில்லில் சீலுக்குத் தனியாகக் காசு போட்டிருந்தார்கள்.

அவர்கள் எதைச் செய்தார்கள் என்பது இப்போது புரிகிறது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் புதுசு வைத்து, முன்னால் புது கிரீஸை அப்பி மூடிவிட்டார்கள். பேரிங் கிட் இங்கே பெரிய விலை இல்லை, சாதாரண கிட் ஐம்பது டாலருக்குள் கிடைக்கிறது. காசு முழுக்கக் கூலியில்தான். பழைய கப் இரண்டையும் ஹப்பிலிருந்து தட்டி எடுத்து, கப் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, புது கப்பை நேராக அடித்து இறக்கி, பேரிங்குக்குள் ஒவ்வொரு ரோலர் இடுக்கிலும் கிரீஸ் அடைத்து, சீல் போட்டு, இறுக்கம் பார்த்து முடிக்க நேரம் ஆகும். அந்த நேரத்துக்கு வாங்கிய காசு அது. வேலையைத்தான் செய்யவில்லை.

புது பேரிங்கைப் பழைய கப்பில் போடுவதும் சாதாரணக் குறை இல்லை. இரண்டும் ஜோடி. குழி விழுந்த கப்பில் புது ரோலர் ஓடினால் அதுவும் சீக்கிரம் செதில் செதிலாக உதிரும், உதிர்ந்த தூள் கிரீஸில் கலந்து மற்றதையும் அரைக்கும். சூடு ஏறும், கிரீஸ் இளகி ஓடும், அதற்கு மேல் இரும்போடு இரும்பு.

உப்புத் தண்ணீரில் இறக்குபவர்களுக்கு இன்னொரு பிரச்சினை. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அப்படியே குளிர்ந்த கடலில் இறக்கினால் அந்தக் காற்று சுருங்கும், சுருங்கும்போது சீல் இடுக்கு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். சீல் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதன்பிறகு ட்ரெய்லர் மாதக்கணக்கில் நிற்கும், ரோலர் கப்பைத் தொடும் கோட்டில் துரு பிடிக்கும். ஓடாமல் நிற்கும் ட்ரெய்லருக்கு பேரிங் கெடாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். போட் ட்ரெய்லர் நின்றுகொண்டே கெடும்.

பேரிங் பட்டி (Bearing Buddy), அதாவது ஸ்பிரிங் வைத்த அந்த உலோக மூடி, இருந்தாலும் கிரீஸ் துப்பாக்கியால் அடித்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வெளியே போய் நிற்பது புது கிரீஸ், உள் பேரிங்கில் பழைய தண்ணீர் கிரீஸ் அப்படியே இருக்கலாம். அளவுக்கு மேல் அழுத்தி அடித்தால் பின்பக்க சீல் பிதுங்கிவிடும், கிரீஸ் பிரேக் டிஸ்க்கில் படும்.

போட்டோக்களுடன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் சொன்னது, உப்புத் தண்ணீரில் இறக்கினால் பேரிங்குக்கு உத்தரவாதம் கிடையாது, பில்லின் அடியில் அச்சடித்திருக்கிறது பாருங்கள் என்று. நான் உத்தரவாதம் கேட்கவில்லை, போடாத பொருளுக்கு ஏன் காசு வாங்கினீர்கள் என்று கேட்டேன். வேறு ஆளிடம் கழற்றிவிட்டீர்கள், அவர் என்ன செய்தாரோ என்றார்கள். அப்புறம் கூலி இல்லாமல் புது கிட் போட்டுத் தருகிறோம் என்றார்கள். மறுத்துவிட்டேன். அவர்கள் கை படும் ட்ரெய்லரில் இனி என் குடும்பத்தை அழைத்துப் போக மாட்டேன்.

வாய்ப்பேச்சு வேலைக்கு ஆகவில்லை, எழுத்தில் அனுப்பியபோதுதான் அசைந்தார்கள். 2011 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி எந்தச் சேவையையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். 64ஆம் பிரிவுப்படி அந்த உரிமையை பில்லின் அடியில் பொடி எழுத்தில் எழுதி யாரும் பறிக்க முடியாது. வேலை மோசமாகச் செய்ததால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இழப்பு ஏதும் வந்தால் அதையும் கேட்கலாம். இதையெல்லாம் குறிப்பிட்டு, போட்டோ, பில், டில்ட் டிரக் ரசீது, அண்ணா எழுதிக் கொடுத்த அறிக்கை எல்லாம் சேர்த்து மின்னஞ்சல் அனுப்பினேன். கழற்றிய எல்லாவற்றையும் பெயர் எழுதிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், உடைந்த ஸ்பிளிட் பின் உட்பட. உங்களுக்கு இப்படி நடந்தால் எரிந்த பாகங்களைக் குப்பையில் போட விடாதீர்கள்.

இனி ட்ரெய்லரை சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கொடுக்கும்போதே, பழைய பேரிங், கப், சீல் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இது ஒன்றைச் சொன்னாலே ஏமாற்ற நினைப்பவர் பின்வாங்குவார். ஒரு பக்கத்துக்கு இரண்டு பேரிங், இரண்டு கப், ஒரு சீல், ஒரு ஸ்பிளிட் பின் வர வேண்டும். எண்களையும் பாருங்கள், பேரிங்கின் முகத்திலேயே பொறித்திருக்கும். இங்கே ஹோல்டன் பேரிங் என்று சொல்லும் வகையில் உள்ளே எல்எம் 67048, வெளியே எல்எம் 11949. ஃபோர்டு வகை என்றால் உள்ளே எல் 68149, வெளியே எல்எம் 12749. கொடுக்கும் முன் உங்கள் சக்கரத்தின் பின்பக்கம் டார்ச் அடித்து சீலை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், திரும்ப வாங்கும்போது அதே இடத்தைப் பாருங்கள். டிஸ்க் மறைத்தாலும் ஓரம் தெரியும். நேர்மையாக வேலை செய்பவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார், அண்ணா கேட்காமலே எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

விக்டோரியாவில் இந்த மாதிரி ட்ரெய்லர்களை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் ஒர்க்‌ஷாப்காரர் பார்க்கவில்லை என்றால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. வீட்டிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆட்டம் இருக்கக் கூடாது. கையால் சுற்றிவிட்டுக் காது கொடுங்கள், மணல் அரைபடும் மாதிரி சத்தம் வந்தால் கடலுக்குப் போகாதீர்கள். தானே போடுபவர்கள் நட்டை முறுக்கி இறுக்கி அப்படியே விட்டுவிட வேண்டாம், சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி பேரிங் உட்கார்ந்ததும் தளர்த்தி, விரல் இறுக்கத்தில் வைத்து, புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். அதிக இறுக்கமும் பேரிங்கை எரிக்கும். ரோட்டில் போகும்போது இருபது நிமிடத்தில் ஒரு முறை நிறுத்தி ஹப் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு, அல்லது ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடு என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். ரேம்ப்புக்குப் போனதும் உடனே இறக்காமல், கயிறு அவிழ்ப்பது, பொருள் ஏற்றுவது எல்லாம் முடிகிற வரைக்கும் ஹப்பை ஆற விடுங்கள். கிரீஸ் அடைத்த ஸ்பேர் ஹப் ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டால் நல்லது, ஆனால் என்னுடையது மாதிரி ஆக்சில் முனையே போய்விட்டால் அதுவும் உதவாது.

பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சர்வீஸுக்கு வாங்கிய 420 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், தவறு செய்தோம் என்று ஒரு வார்த்தை எழுதாமல். புது ஆக்சில், பிரேக், டில்ட் டிரக் செலவு இன்னும் வரவில்லை. விக்டோரியா நுகர்வோர் விவகாரத் துறையின் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டு வீகேட் (VCAT) என்ற மாநிலத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன். அது முடியும் வரை ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்ப வேண்டாம். இந்தக் குளிர்காலத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பில் பேரிங் மாற்றியிருந்தாலும் சரி, அடுத்த முறை ட்ரெய்லரை மாட்டுவதற்கு முன்னால் டார்ச் எடுத்து அந்தப் பின்பக்க சீலைப் பாருங்கள். காய்ந்த உப்பும் பழைய அழுக்கும் படிந்திருந்தால் அன்றைக்கு போட்டை வெளியே எடுக்காதீர்கள்.